உறையூர் இளவரசனின் வயது

உறையூருக்குத் தமிழ் நாவலில் ஓர் இளவரசன் உண்டு: 'பார்த்திபன் கனவு' நாவலின் விக்கிரமன். 1941-இல் தொடங்கிய 'கல்கி' இதழின் முதல் ஆண்டுகளிலேயே கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி இந்தக் கதையைத் தொடராக எழுதினார். கதை தொடங்கும்போது விக்கிரமன் சிறுவன். பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்து வெண்ணாற்றங்கரைப் போருக்குப் புறப்படும் தந்தை பார்த்திபன், சோழ நாடு எப்படியெல்லாம் ஆக வேண்டும் என்று ரகசியமாகத் தீட்டி வைத்த சித்திரங்களை மகனுக்குக் காட்டிவிட்டுப் போகிறான், திரும்பி வரவில்லை. வாலிபனான மகன் போதிய ஆள்பலம் இல்லாமலே கலகம் செய்கிறான். சொந்தச் சித்தப்பன் காட்டிக்கொடுக்க, பிடிபட்டுச் செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். தாயைப் பார்க்கவும் குலத்தின் உடைவாளையும் திருக்குறள் சுவடியையும் எடுத்துப் போகவும் இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். வழியில் கடுங்காய்ச்சலில் விழுந்தவனைக் காப்பாற்றுகிறவள் பகையரசனின் மகள் குந்தவி. தந்தை விட்டுச்சென்ற ஆசை, ஆத்திரத்தில் செய்த கலகம், பகைவர் வீட்டுப் பெண்மேல் காதல், பெரியவர்களில் யாரை நம்புவது என்ற குழப்பம் என்று, இன்றைக்கு உலகமெங்கும் 'இளையோர் நாவல்' எனத் தனி அலமாரியில் அடுக்கப்படும் புத்தகங்களின் சரக்கு அத்தனையும் இதில் இருக்கிறது. 1960-இல் டி. யோகானந்த் இயக்கத்தில் கதை படமானபோது, விக்கிரமனாக நடித்த ஜெமினி கணேசனுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

நடிகரின் வயதைப் போய்ப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் காலத்து ரசிகர்கள் அதைக் கவனித்துக்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளின் படங்களைப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. இளம் வயதின் கண்வழியே சொல்லப்பட்ட கதையைத் தமிழ் சினிமா கையில் எடுக்கும்போதெல்லாம், கதையின் நடுவிடத்தை அந்த இளைஞனிடமிருந்து வாங்கி ஒரு பெரியவரிடம் கொடுத்துவிடுகிறது. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வரும் பதினைந்து, பதினாறு வயது வாசகர், படத்தில் காணாமல்போன தன் வயதை நாவலில்தான் கண்டெடுக்க வேண்டும். ஆகவே 'அடுத்து என்ன படிக்கலாம்' என்ற கேள்விக்கு, சரித்திரம் பிடித்தால் இன்னொரு சரித்திரம், துப்பறிதல் பிடித்தால் இன்னொரு துப்பறிதல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் போதாது என்பதே என் வாதம். கதையைப் பார்க்கும் கண் எந்த வயதுடையது என்பதை வைத்துத்தான் அடுத்த புத்தகத்தைத் தேட வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று உறையூருக்கு வெகு தெற்கே, கரிசல் மண்ணில் இருக்கிறது. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன்தான் நாவல். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதமுள்ள பக்கங்கள் எல்லாம் சில நாட்கள் அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவது, கிடைத்ததைச் சமைத்துத் தின்பது, பழைய கதைகளைப் பேசுவது, வீட்டில் விட்டுவந்த அம்மாவையும் தங்கையையும் நினைத்துக்கொள்வது. பூமணி எந்த இடத்திலும் பையனுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அவனை வீரனாக்கவும் இல்லை. சாதியின் பெயரைக்கூட எங்கும் உச்சரிக்காமல் அதன் அழுத்தத்தை வாசகரின் மேல் ஏற்றுகிறார். அந்த அழுத்தம் ஏறுவதற்கு ஒரு காரணம், நாம் எல்லாவற்றையும் சிதம்பரத்தின் அறிவின் அளவிலேயே தெரிந்துகொள்கிறோம் என்பது. ஊரில் என்ன நடக்கிறது, வக்கீல் என்ன சொல்வார், அய்யா மனதில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் நமக்கும் தெரியும். 2019-இல் வெற்றிமாறன் இதை 'அசுரன்' ஆக்கினார். பையன் படத்திலும் இருக்கிறான், அதே கொலையைச் செய்கிறான். ஆனால் கதை தந்தை சிவசாமியினுடையதாகிவிடுகிறது. நாவலில் இல்லாத ஒரு நீண்ட முன்கதை சேர்க்கப்பட்டு, தந்தையின் இளமை, தந்தையின் இழப்பு, தந்தையின் வெஞ்சினம் ஆகியவை படத்தின் முதுகெலும்பாகின்றன. மகனின் ஆத்திரம், தந்தை அடக்கவும் திருத்தவும் வேண்டிய ஒன்றாகக் குறுகிவிடுகிறது. நாவலில் தன் செயலின் பொருளைத் தானே தேடிக்கொண்டிருந்த பையனுக்குப் படத்தில் பொருள் எடுத்துச் சொல்லப்படுகிறது.

'அசுரன்' நல்ல படம் இல்லையா என்ற மறுப்பு உடனே வரும். நல்ல படம்தான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருதும் தகுதிக்குக் கிடைத்தவை. நாவலை அப்படியே படமாக்க வேண்டும் என்று யாரும் எந்த இயக்குநரையும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டும் வேறு கலைகள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதும் இல்லை. தமிழில் படத்துக்குப் பணம் போடுகிறவர் நட்சத்திரத்தின் பெயரை நம்பியே போடுகிறார். விநியோகஸ்தரும் திரையரங்கும் அதை நம்பியே வாங்குகிறார்கள். நட்சத்திரமாக வளரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் தொழிலில் பதினைந்து வயது நாயகனுக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? இது சந்தையின் கணக்கு. யாருடைய சூழ்ச்சியும் இதில் இல்லை. ஆனால் கணக்கு நியாயமானது என்பதால் விளைவு இல்லாமல் போய்விடாது. அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதி 1967-இல் வெளியான 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதிக் கேட்டதனால்தான் பிரான்சிஸ் கொப்போலா படமாக்கினார். 1983-இல் வந்த அந்தப் படத்தில் பதினான்கு வயது போனிபாயாக நடித்தவர் ஏறக்குறைய அதே வயதுப் பையன். அங்கேயும் சந்தை உண்டு; ஆனால் அந்த நாவலைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய ஒரு வாசகர் கூட்டம் படத்துக்கு முன்பே இருந்தது. 'வெக்கை'க்கு அப்படியொரு பள்ளி வாசகர் கூட்டம் இருந்ததில்லை. இலக்கிய வாசகர்கள் இருந்தார்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்தார்கள்; சிதம்பரத்தின் வயதுக்காரர்களிடம் அந்தப் புத்தகத்தை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

'பொன்னியின் செல்வன்' கதை இன்னும் சுவையானது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த தொடர், பல முயற்சிகளுக்குப் பின் மணிரத்னத்தின் கையில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தது. நாவலில் சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் இருபதைத் தொட்டும் தொடாத வயதினன். அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைப் பற்றிச் செப்பேடு பேசுவதே, சிறுவனாக இருக்கையிலேயே வீரபாண்டியனோடு பொருதான் என்பதுதான். படத்தில் அருள்மொழியாக நடித்தவர் நாற்பதைக் கடந்தவர். கரிகாலனாக நடித்தவர் ஐம்பதைக் கடந்தவர். விக்ரமின் கரிகாலன் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நாவலில் கரிகாலனின் நடத்தை, வெகு இளம் வயதில் வாள் எடுத்துக் காதலையும் நிதானத்தையும் ஒருசேர இழந்தவனின் முரட்டுத்தனம். படத்தில் அது முதிர்ந்த மனிதனின் நீண்டகாலத் துயரமாகிறது. வயது மாறினால் உணர்ச்சியின் பொருளும் மாறிவிடும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். இதைக்கூட விட்டுவிடலாம். நாவலின் இளம் பாத்திரங்களில் மிக நுட்பமானவள் கடம்பூர் மணிமேகலை. அண்ணன் கந்தமாறன் புகழ்ந்து சொன்னதைக் கேட்டே நாயகன் வந்தியத்தேவன்மேல் ஆசையை வளர்த்துக்கொண்டு, அவன் மனம் வேறிடத்தில் இருப்பது தெரிந்தும் அவனைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் துணிகிறவள். ஐந்து பாக நாவலின் இறுதிப் பக்கங்களைக் கல்கி அவளுக்குத்தான் எழுதினார். படத்தில் அவள் இல்லவே இல்லை. ஐந்து மணி நேரத்தில் எல்லாரையும் அடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் யாரை விட்டுவிடலாம் என்று முடிவு செய்யும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வயதுதான்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் எந்தப் பதிப்பகமும் இந்த நாவலை அச்சிடலாம்; இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. பட விளம்பரம் சூடு பிடித்த மாதங்களில் புத்தகக் கண்காட்சி அரங்குகளில் அதன் ஐந்து பாகங்களும் குவிந்து கிடந்தன. ஐந்து பாகங்களையும் முடித்த ஒரு பள்ளி மாணவிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அடுத்த பெயர் சாண்டில்யன்: 'யவன ராணி', 'கடல் புறா'. சோழர், கடல், வாள், யவனர் எல்லாம் அங்கும் உண்டு. ஆனால் 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி படகின்மேல் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்ளும் தனிமையும், வானதியின் அசட்டுத்தனம் மெல்லத் துணிவாக மாறுவதும், மணிமேகலையின் ஒருதலைக் காதலும் அங்கே இல்லை. சாண்டில்யனின் பெண்கள் ஆண் கண்ணால் பக்கம் பக்கமாக வருணிக்கப்படுகிறவர்கள். சரித்திரம் என்ற ஒரே ஒற்றுமையை வைத்து அடுத்த புத்தகத்தைக் கொடுத்தால் வாசகிக்கு எது பிடித்திருந்ததோ அதுவே விடுபட்டுப்போகிறது. அந்த இடத்தில் பலருக்கு வாசிப்பே நின்றுபோவதில் எனக்கு வியப்பில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்', படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ரகுபதி பாபநாசத்தில் மதுமிதாவைச் சந்திக்கும் கதை. 2009-இல் 'ஆனந்த தாண்டவம்' என்று வந்த அதன் திரைவடிவத்தில் நாயகன் புதுமுகம். நாயகிக்கும் பாத்திரத்தின் வயதுதான். வயது சரியாக இருந்தும் படம் எடுபடவில்லை. இளைஞரை நடிக்க வைத்தால் போதும் என்பதே என் கருத்தாக இருந்தால் அது இங்கேயே உடைந்துவிடும். ஆனால் நாவலை நடத்திச் செல்வது ரகுபதியின் முகம் அல்லவே. தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, அதே மூச்சில் தன்னைப் பெரிய காதலனாகவும் கற்பனை செய்துகொள்ளும் அவன் மனப்பேச்சுதான் அதை நடத்துகிறது. சுஜாதா அந்த நக்கலை உரைநடையின் வேகத்திலேயே வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அமெரிக்க மாப்பிள்ளையிடம் காதலியை இழந்தவனின் பழகிய கதை. ஆக நடிகரின் வயது வெளி அடையாளம் மட்டுமே; இழக்கப்படுவது பார்வையின் வயது. விக்கிரமன் விஷயத்திலும் ஜெமினியைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

'இளையோர் நாவல்' என்பதே மேல்நாட்டுப் பதிப்பாளர்கள் விற்பனைக்காகக் கட்டிய வேலி, தமிழுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. நம் முன்னோருக்கு அந்த வேலி தேவைப்படவில்லை. ஏனென்றால் வார இதழ் இருந்தது. வீட்டுக்கு வரும் ஒரே இதழைத் தாத்தா முதல் பேத்தி வரை கைமாற்றிப் படித்தார்கள். கல்கியும் ஆனந்த விகடனும் குமுதமும் ஒரு தொடர் முடிந்த வாரமே அடுத்த தொடரை அறிவித்தன. 'அடுத்து என்ன' என்ற கேள்வி எழுமுன்பே விடை வாசலில் வந்து விழுந்தது. தொடர்கதைகள் இதழ்களின் நடுவிடத்தை விட்டு நகர்ந்த பிறகு அந்தப் பாலம் இல்லை. பொது நூலகங்களில் சிறுவர் பகுதி உண்டு. அதைத் தாண்டினால் அகிலனும் ஜானகிராமனும் ஜெயமோகனும் அகர வரிசையில் நிற்கும் பெரிய அலமாரி. நடுவில் ஒன்றும் கிடையாது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கு விருதும், 2011 முதல் 'யுவ' விருதும் வழங்குகிறது. ஆனால் பின்னதில் இளமை என்பது எழுத்தாளரின் வயது, முப்பத்தைந்துக்குள். வாசகரின் இளமையைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அண்மைக் காலத்தில் இந்த இடைவெளியை உணர்ந்து எழுதுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். கீழடியைக் களமாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் சிறார் இலக்கிய விருது பெற்றது. அதற்கும் பெரியவர்களின் நாவலுக்கும் நடுவே நிற்கும் பதினாறு வயதுக்கு ஏற்றவை ஏற்கெனவே தமிழில் இருக்கின்றன. அவற்றை அந்தக் கோணத்தில் பார்த்து எடுத்து வைக்க வேண்டிய வேலைதான் பாக்கி.

'பொன்னியின் செல்வ'னை முடித்தவருக்கு நான் முதலில் தருவது 'பார்த்திபன் கனவு'. இது அளவில் சிறியது. காவிரியும் உறையூர்த் தோணித்துறையும் தெருக்களும் திருச்சி வாசகருக்குப் பழகிய பெயர்கள். ஏழாம் நூற்றாண்டில் உறையூரில் சோழர் சிற்றரசர்களாகச் சுருங்கியிருந்தார்கள் என்பது தவிர கதையில் பெரும்பாலானது கற்பனை. திருச்சியில் பள்ளிப் படிப்பை முடிக்குமுன்பே ஒத்துழையாமை இயக்கத்துக்காக வெளியேறிய ஓர் இளைஞனின் நினைவு, கப்பம் கட்ட மறுக்கும் பார்த்திபனிடம் ஒட்டியிருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த நாவலின் குறையையும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். விக்கிரமன் தன் விடுதலையைத் தானே வெல்வதில்லை. சிவனடியார் வேடத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கிறவன் அவன் எதிர்த்த பல்லவ அரசன் நரசிம்மவர்மனேதான். இளைஞனின் கலகம் தோற்று, பெரியவரின் கருணை வெல்கிறது. நட்சத்திர சினிமா செய்கிற வேலையைக் கல்கியும் கொஞ்சம் செய்திருக்கிறார். இதை வாசகர் தாமே கண்டுபிடித்து எரிச்சல்பட்டால், அடுத்த புத்தகத்துக்கு அவர் தயார்.

அந்த அடுத்த புத்தகம் சரித்திரத்திலிருந்து நேரே எதிர்காலத்துக்குத் தாவ வேண்டும் என்பேன். 1980களில் விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021-ஐ ஒட்டிய இந்தியாவில் நடக்கிறது. பெயரின் நீளம் முதல் பிள்ளைப்பேறு வரை அரசு அனுமதிக்கும் ஜீவாவின் சர்வாதிகாரம்; கணவன் சிபி காணாமல்போனதும் தனித்து நிற்கும் நிலா; புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. கலகக்காரர்கள் நிலாவைத் தங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் பொம்மை அரசியாக அரியணையில் ஏற்றுகிறார்கள். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வந்தது 2008-இல், அதன் படம் 2012-இல். அந்த வரிசையின் கேட்னிஸ், தன்னைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்கும் கலகத் தலைமையைச் சந்தேகிக்கத் தொடங்கும் இடத்தில், நிலா ஏற்கெனவே நின்றுவிட்டாள். ஆங்கிலத்தில் அந்த வரிசையை முடித்துவிட்டுத் தமிழில் இப்படி ஒன்றும் இல்லையே என்று நினைக்கிற மாணவர்களுக்கு இதைக் காட்டுவது நூலகரின் கடமை. சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' அதற்குப் பின். கோயில் வீதிகளில் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் ரங்கு கடையில் பெரியவர்களின் வம்பைக் கேட்டுக்கொண்டும் வளரும் பையனின் உலகம் அது. எழுதியவர் ஐம்பதை ஒட்டிய வயதில் இருந்தும், பார்வை அந்தப் பையனுடையதாகவே நிற்கிறது.

ஆனால் அந்தப் பையன் ஒரு தெருவின், ஒரு சாதியின் பையன். காவிரிக்கரை இளமை என்றாலே அதுதான் என்று வாசகர் எண்ணிக்கொள்ளாமலிருக்க, உடனடியாக இன்னொன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் உள்ள துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில், வயதுக்கு வரும் பருவத்திலிருக்கும் ராபியா, வீட்டுப் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவதையெல்லாம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்கிறாள். திருவரங்கத்துப் பையனுக்குத் தெரு முழுவதும் திறந்து கிடக்கையில், அதே மாவட்டத்துப் பெண்ணுக்கு நாளுக்கு நாள் கதவுகள் மூடிக்கொண்டே போகின்றன. இதன் தொடர்ச்சியாகப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி': பண்ணையத்துக்கு அடிமைப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையனும் அவன் கூட்டாளிகளும், எசமானின் மகன் செல்வனோடு அவனுக்கு இருக்கும் சமமில்லாத நட்பும். பிறகு அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', கல்லூரி மாணவன் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் 1948-இன் கலவரத்துக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வது. கடைசியில் 'வெக்கை', அதையும் 'அசுர'னைப் பார்த்த சூட்டோடு.

இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கக்கூடியவையா என்ற தயக்கம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கும். அது அற்பமானதும் அல்ல. அசோகமித்திரன் நாவலின் கடைசிப் பக்கங்கள் பெரியவர்களையே குலைப்பவை. 'வெக்கை'யின் நாயகன் கொலைகாரன். ஆனால் இதே பிள்ளைகள் 'அசுர'னைக் குடும்பத்தோடு பார்த்தவர்கள். அதில் வரும் கொலையும் தீயும் நாவலைவிடப் பல மடங்கு. திரையில் ரத்தம் வேகமாகக் கடந்துபோகிறது, கூடவே இசையும் வெற்றியும் வருகின்றன. நாவலில் சிதம்பரம் தான் செய்ததோடு நாட்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. பசிக்கிறது, காவல்துறை பயமுறுத்துகிறது, கடைசியில் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். வன்முறையின் விலையைக் காட்டும் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அதன் கிளர்ச்சியைக் காட்டும் படத்தை அனுமதிப்பது விந்தையான பாதுகாப்பு. வயதைப் பார்த்து வரிசை மாற்றலாம்: 'பார்த்திபன் கனவு' பன்னிரண்டிலேயே போதும், 'வெக்கை' பதினைந்தில், சல்மாவும் அசோகமித்திரனும் பதினேழில். வீட்டில் ஒருவர் கூடவே படித்தால் இன்னும் நல்லது.

1948-இல் இயற்றப்பட்ட மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த நூலக வரியை, சொத்து வரியோடு சேர்த்து உறையூர்க்காரரும் திருவரங்கத்தாரும் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் புதிதாக ஒரு பிரிவு கட்ட வேண்டியதில்லை. சிறுவர் பகுதிக்கும் நாவல் அலமாரிக்கும் நடுவே இரண்டு தட்டுகளை ஒழித்து, மேலே சொன்ன ஏழெட்டுப் புத்தகங்களைப் பத்துப் பத்துப் பிரதிகள் வைத்தால் போதும். புதிய படமொன்று வரும் வாரத்தில் அதன் மூலநூலையும், அதே வயதுக் கண்ணால் எழுதப்பட்ட இன்னொரு நூலையும் சேர்த்து அந்தத் தட்டின் முகப்பில் வைக்கலாம். பூமணியின் புத்தகத்தைக் கேட்டு வருகிற மாணவனிடம் அதோடு 'கூளமாதாரி'யையும் நீட்டுகிற நூலகர், அவன் கேட்காத கேள்விக்கும் விடை கொடுத்துவிடுகிறார்.